என் ஜோடி கண் திறந்த கதை

கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொள்வது நம் வயதில் பெரிய வித்தை. புரை எடுக்கும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஒரு காலத்தில் ஆபீசையே அதட்டியவர்கள் எல்லாம், நர்ஸ் பாட்டிலைத் தூக்கியவுடன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "விட்டாச்சாம்மா?" என்று கேட்கிறோம். மருந்து கன்னத்தில் வழிகிறது. அந்தப் பெண்ணும் "தொறங்க தாத்தா, தொறங்க தாத்தா" என்று கெஞ்சி ஓய்ந்துபோகிறது.

போன மாதம் தஞ்சாவூரில் அப்படி ஒரு பெஞ்சில் நானும் என் ஜோடியும் உட்கார்ந்திருந்தோம். எனக்கு விட்டதில் பாதி சட்டைக்குப் போனது. அடுத்து அவன் முறை. கூரையைப் பார்த்துக் கண்ணை அகல விரித்தான். சொட்டு விழுந்தது. இமை அசையவே இல்லை. "எல்லாரும் இந்த ஐயாவப் பாத்துக் கத்துக்குங்க" என்றது நர்ஸ். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. இந்த ஆளையா! நான் கொசு ஓட்டக் கையைத் தூக்கினாலே கண்ணை மூடிக்கொண்டவனம்மா இவன்!

ஜோடி என்றால் வேறு ஏதும் நினைத்துக்கொள்ளாதீர்கள். குத்துச்சண்டைப் பயிற்சியில் எனக்கு எதிரே நின்றவன். அவனை நான் ஜோடி என்று கூப்பிட்டேன், அவனும் என்னை ஜோடி என்றான், ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும் அது மாறவில்லை. சர்வேயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவன் மட்டும் அந்த வருஷம் மாசி மாதத்தில் கண்ணைத் திறக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பான் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். திறந்தான். அந்தக் கதைதான் இது.

எங்கள் பள்ளிக்கூடம் கத்தோலிக்கச் சாமியார்கள் நடத்தியது. காவிரிக் கரையில் விடுதி. மற்றப் பள்ளிக்கூடங்களில் ஃபுட்பால், கபடி என்று இருந்தபோது எங்களுக்கு மட்டும் குத்துச்சண்டை. காரணம் எங்கள் டிரில் மாஸ்டர். பட்டாளத்தில் குத்துச்சண்டை போட்டு மூக்கைக் கோணலாக்கிக்கொண்டு வந்தவர். வரும்போது டிரங்குப் பெட்டியில் இரண்டு ஜோடி கிளவுஸ் கொண்டுவந்திருந்தார். எலி கடிக்காமல் இருக்க அதில் வேப்பெண்ணெய் தடவி வைப்போம். வேர்வையும் வேப்பெண்ணெயும் சேர்ந்த அந்த நாற்றம் இருக்கிறதே, அடேயப்பா! சோறு பிசையும்போதும் கையை விட்டுப் போகாது. ஒன்றில் தையல் பிரிந்து, மெத்தை தைக்கிறவரிடம் கொடுத்து இலவம் பஞ்சு அடைத்திருந்தோம். அதால் ஓங்கிக் குத்தினால் பஞ்சு பறக்கும். குத்து வாங்கியவன் தும்முவான்.

குத்துச்சண்டைக் குழுவில் இருக்கிற ஏழைப் பிள்ளைகளுக்கு விடுதியில் சோறும் இடமும் இலவசம். என் ஜோடிக்கு அப்படித்தான் இடம் கிடைத்தது. குத்தாலத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். அவன் அப்பாவும் அம்மாவும் ஒரு பெரிய பண்ணையில் கூலிக்கு நட்டு அறுக்கிறவர்கள். பையனுக்குக் கை மட்டும் முழங்கால் வரைக்கும் நீளம். மாஸ்டர் அந்தக் கையைப் பார்த்துத்தான் மயங்கினார். முகத்தைப் பார்க்கவில்லை.

அவனுக்கு எதிரே என்னை நிறுத்தினார்கள். நான் குத்த வேண்டும், அவன் தடுக்க வேண்டும். நான் கையை எடுத்த உடனேயே அவன் கண் இறுக மூடிக்கொள்ளும், தலை தொங்கிவிடும், தோள் காது வரைக்கும் ஏறிவிடும். அப்புறம் எங்கே தடுப்பது? நெற்றியில் வாங்கிக்கொண்டு அப்படியே நிற்பான். ஓடவும் மாட்டான், அழவும் மாட்டான். கல்லுப்பிள்ளையார் மாதிரி நிற்பான்.

"கண்ணப் பாருடா! எதிராளி கண்ணுக்குள்ள பாரு!" என்று மாஸ்டர் தொண்டை கிழியக் கத்துவார். கத்திவிட்டு உச்சந்தலையில் நறுக்கென்று ஒரு குட்டு. குட்டக் கை தூக்கியதும் அவன் கண்ணை இன்னும் இறுக்கி மூடுவான். அதற்கு இன்னொரு குட்டு. இப்படிக் குட்டிக் குட்டியே கண்ணைத் திறந்துவிடலாம் என்று நினைத்தார் பாருங்கள், அவரை என்ன சொல்ல! நல்ல மனுஷர்தான். ஆனால் அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

விடுதிச் சாமிக்கு வேறு எண்ணம். பையனுக்குப் பார்வைக் கோளாறு என்று முடிவு கட்டிவிட்டார். சமையல்காரம்மாவைக் கூப்பிட்டு, பொன்னாங்கண்ணி கண்ணுக்கு நல்லது, தினமும் போடு என்று சொல்லிவிட்டார். அவனுக்கு மட்டும் தனியாக யார் சமைப்பது? விடுதி முழுக்கப் பொன்னாங்கண்ணி. பொரியல், கூட்டு, கடைசல். ஒருவன் கண்ணைச் சிமிட்டியதற்கு அத்தனை பேரும் கீரை தின்றோம். சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொல்லும்போது எல்லாரும் அவனை முறைப்பார்கள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவான்.

நானும் சும்மா இருக்கவில்லை. படித்துறையில் அவனைக் கழுத்தளவு தண்ணீரில் நிறுத்தி முகத்தில் அள்ளி அள்ளி அடித்தேன். கண்ணை மூடவில்லை. புளியங்கொட்டையைச் சுண்டி எறிந்தேன். மூடவில்லை. காதருகில் தட்டைப் போட்டு உடைத்தேன், அதற்காக அடியும் வாங்கினேன். அப்போதும் அவன் மூடவில்லை. "தேறிட்டடா ஜோடி!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டேன். மறுநாள் காலை கிளவுஸ் மாட்டி எதிரே நின்று கையைத் தூக்கினேன். படக்கென்று மூடிக்கொண்டான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மார்கழி கடைசியில் மாஸ்டர் அவனைக் கூப்பிட்டுக் கடைசியாகச் சொல்லிவிட்டார். மாசியில் தஞ்சாவூரில் பள்ளிக்கூடங்களுக்குள்ளே போட்டி. "கண்ண மூடிக்கிட்டு நின்னா ரெஃபரி சண்டைய நிறுத்திடுவாரு. ஜெயிக்காட்டியும் பரவால்ல, நிறுத்தாம முடிச்சிட்டு வா. நிறுத்திட்டாங்கன்னா குழுவில நீ இல்ல. குழுவில இல்லன்னா இடமும் இல்ல. அது சாமி போட்ட சட்டம், நா ஒண்ணும் பண்ண முடியாது."

அன்றைக்குப் படித்துறையில் உட்கார்ந்து அவன் என்னிடம் சொன்னான். "இடம் போச்சுன்னா மாட்டுக்குத்தான்டா போவணும். காரியக்காரரு கேட்டுக்கிட்டே இருக்காரு. மாசி வரைக்கும் பாக்குறேன், அப்பறம் பையன மாட்டுக் கொட்டாயிக்கு அனுப்பிடுன்னு அப்பாகிட்ட சொல்லிட்டாரு. புள்ள படிக்குதுன்னு சொல்லித்தான் அப்பா தள்ளிக்கிட்டே வருது." காரியக்காரர் என்றால் பண்ணையைப் பார்த்துக்கொள்கிறவர். மிராசுதார் பட்டணத்தில் இருப்பார், ஊரில் இவர்தான் எல்லாம்.

அது எந்தக் காலம் என்று உங்களுக்கு நினைவிருக்கும். புது ஆட்சி வந்து, சுவரெல்லாம் கறுப்பு சிவப்பும், வயல் வரப்பெல்லாம் சிவப்புக் கொடியுமாக இருந்த நேரம். கூலி கூட்டிக் கேட்டார்கள் என்று பண்ணைக்காரர்கள் வெளியூர் ஆளை இறக்கி அறுப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் போய் மறிப்பார்கள். ரோட்டில் போலீஸ் வேன் நிற்கும். ஜோடியின் ஊரில் ஒரு சமாதானம் பேசி உள்ளூர் ஆட்களே அறுப்பில் இறங்கியிருந்தார்கள். ஆனாலும் எல்லார் வயிற்றிலும் நெருப்பு.

பொங்கல் லீவில் பயிற்சி விட்டுப்போகக் கூடாது என்று மாஸ்டர் கிளவுஸை ஒரு அரிசிச் சாக்கில் போட்டு என்னிடம் கொடுத்தனுப்பினார். என் அப்பா குத்தாலம் பக்கம் ரயில்வே கேட் கீப்பர். கேட் வீட்டிலிருந்து ஜோடியின் ஊர் சைக்கிள் மிதிக்கிற தூரம். போனால் வீட்டில் ஆள் இல்லை. எல்லாரும் களத்தில் கதிரடிக்கிறார்கள்.

நான் முதன்முதலாக அருகில் நின்று கதிரடிப்பைப் பார்த்தது அன்றுதான். கதிரைக் கயிற்றில் சுற்றிப் பிடித்து, தலைக்கு மேலே தூக்கித் தரையில் ஓங்கி அடிப்பார்கள். நெல் சடசடவென்று நாலாபக்கமும் தெறிக்கும். என் ஜோடி இரண்டு அடிக்கு நடுவே குனிந்து வைக்கோலை உருவிக்கொண்டிருந்தான். ஒரு கணம் பிந்தினால் கட்டு அவன் முதுகில்தான் விழும். நெல் முகத்தில் பட்டுத் தெறிக்கிறது. அவன் கண் கொட்டாமல் வேலையைப் பார்க்கிறான். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இவனா பயந்தாங்கொள்ளி?

அப்போது காரியக்காரர் வந்தார். பேச்சு நின்றது. அடிக்கிற கை நின்றது. ஜோடியின் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். யாரோ பின்னாலிருந்து, "கூலி நெல்ல அளக்கறப்ப பேசுன மாரி அளக்கணுங்க" என்று சொன்னார்கள். காரியக்காரர் திரும்பினார், கையைத் தூக்கினார். அடிக்க அல்ல. காதில் ஒட்டியிருந்த பதரைத் தட்டிவிடத் தூக்கினார், அவ்வளவுதான். அத்தனை தலையும் தொங்கிவிட்டது. ஜோடியின் அப்பா கண்ணை இறுக மூடி, தோளைக் காது வரைக்கும் ஏற்றிக்கொண்டு நின்றார். பக்கத்தில் என் ஜோடியும் அதே மாதிரி. அச்சு மாறாமல் அதே மாதிரி.

காரியக்காரர் போன பிறகு வைக்கோல் போருக்குப் பின்னால் ஜோடியை இழுத்துக்கொண்டு போய், ஏன் அப்படிக் கண்ணை மூடிக்கொள்கிறாய் என்று கேட்டேன்.

"அடிக்கறவங்க மூஞ்சியப் பாத்தா மொறைக்கிறான்னு ரெட்டிப்பா விழும்டா" என்றான், எனக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற மாதிரி. "கீழப் பாத்துக்கிட்டா ஒண்ணோட போயிடும். நடக்க ஆரம்பிச்சப்பவே அப்பா சொல்லிக்குடுத்திருக்கு."

அவன் அப்பாவைத் திட்டலாமா? அவருக்குத் தெரிந்தவரை பிள்ளை அடிபடாமல் இருக்க வழி சொல்லிக்கொடுத்தார். மாஸ்டர் என்னடாவென்றால் எதிராளியின் கண்ணுக்குள் பார் என்கிறார். எதைப் பார்க்கவே கூடாது என்று இவனை வளர்த்தார்களோ, அதைப் பார்க்கச் சொல்லித்தான் இத்தனை நாள் குட்டிக்கொண்டிருந்தார். இதற்குப் பொன்னாங்கண்ணி என்ன செய்யும்?

என்ன தோன்றியதோ, சட்டைக்குள் கையை விட்டு என் உத்தரியத்தை வெளியே எடுத்தேன். சர்ச்சில் முதல் தடவை நற்கருணை வாங்கியபோது, புதுநன்மை என்போம், அம்மா கழுத்தில் போட்டது. பழுப்புத் துணியில் சின்னச் சதுரம், மார்பில் ஒன்று, முதுகில் ஒன்று, நடுவே கயிறு. "என் மூஞ்சியப் பாக்காதடா. இது மூஞ்சி இல்லல்ல? வெறும் துணிதானே? இத மட்டும் பாரு."

கிளவுஸ் மாட்டினோம். அவன் கண் அந்தத் துணியில் நின்றது. நான் வலது கையை எடுத்தேன். மூடிக்கொண்டான். மறுபடி எடுத்தேன். மூடிக்கொண்டான். லீவு முடிவதற்குள் ஒருநாள் அந்தி சாய்கிற நேரம், நான் குத்த, அவன் கை வந்து என் கையைத் தட்டிவிட்டது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "ஜோடி, நீ குத்தறதுக்கு முன்னாடியே அந்தத் துணி ஆடுதுடா!" என்று குதித்தான். உண்மைதான். கை கிளம்புவதற்கு முன்னால் தோள் அசையும், தோள் அசைந்தால் உத்தரியம் இழுபடும். அதற்குப் பிறகு என்னால் அவனைத் தொட முடியவில்லை. எனக்கு எரிச்சல்கூட வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

விடுதிக்குத் திரும்பியதும் மாஸ்டர் பார்த்தார். "இப்பத்தான்டா கண்ணப் பாக்குறான்! என் குட்டு வீண் போவுமா?" என்று மீசையைத் தடவிக்கொண்டார். சாமி, கீரைதான் காரணம் என்றார். போட்டி முடிகிறவரை நிறுத்த வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். நான் உத்தரியத்தைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டேன். கீரையைத் தின்றோம்.

தஞ்சாவூர்ப் போட்டிக்கு ஒரு மைதானத்தில் சவுக்குக் கம்பு நட்டு, கயிறு கட்டி, தரையில் வைக்கோல் பரப்பி மேலே தார்ப்பாய் விரித்திருந்தார்கள். நல்ல கூட்டம். வேலியோரமாக ஜோடியின் அப்பா நின்றார். துண்டு அக்குளில். கையில் ஒரு மஞ்சள் துணிப்பை, காலியாக. எதற்குப் பை என்று நான் கேட்கவில்லை. இடம் போய்விட்டால் பையனின் துணிமணியை அதில் போட்டு, அங்கிருந்தே அழைத்துக்கொண்டு போவதற்கு என்று தெரிந்தது. ஜோடிக்கும் தெரிந்தது.

எதிராளி கயிற்றுக்குள் நுழைந்தான். டவுன் பையன், வெள்ளை பனியன். அவன் கழுத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அட ஆண்டவரே! அவன் கழுத்தில் ஒன்றுமே இல்லை. இத்தனை நாள் இதை இரண்டு பேரும் யோசிக்கவே இல்லையே!

மணி அடித்தது. ஜோடியின் கண் அந்த பனியனில் எதையோ தேடியது. கிடைக்கவில்லை. அப்படியே தரைக்கு இறங்கியது, மூடிக்கொண்டது. அப்புறம் என்ன? மூக்கில், காதில், நெற்றியில் என்று வாங்கினான். ரெஃபரி இடையில் புகுந்து விரலை ஆட்டினார். இன்னொரு தடவை இப்படி நின்றால் நிறுத்திவிடுவேன் என்றார். நான் வேலியோரம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

முதல் ரவுண்டு முடிந்து மூலைக்கு வந்தான். மூக்கில் ரத்தம். "கண்ணப் பாருடா, கண்ணப் பாருடா" என்று மாஸ்டர் ஒரு பக்கம் கத்துகிறார். நான் துண்டால் மூக்கைத் துடைத்தேன்.

"ஜோடி, அவன் கழுத்துல ஒண்ணும் இல்லடா" என்றான்.

"இல்லாட்டிப் போவுது. மூஞ்சியப் பாத்தா ரெட்டிப்பா விழும்னியே, இப்ப நீ பாத்தியா?"

"பாக்கல."

"பாக்காமலே ரெட்டிப்பா விழுதேடா, மடையா! வாங்கறதுதான் வாங்கற, பாத்துட்டு வாங்கேன்!"

கோபத்தில் சொன்னேன். யோசித்தெல்லாம் சொல்லவில்லை. அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு ரத்தம் படிந்த பல்லைக் காட்டிச் சிரித்தான். என் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்து அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மணி அடித்ததும் நடுவே போனான். பார்வை மெல்ல ஏறியது. மார்பு, கழுத்து, தாடை என்று ஏறி ஏறி அந்தப் பையனின் முகத்தில் போய் நின்றது. குத்து ஒன்று வந்தது. கண் மூடவில்லை. கை எழுந்து தடுத்தது. "அப்படித்தான்டா!" என்று நான் போட்ட கூச்சலில் மாஸ்டர் என்னைத் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகும் வாங்கினான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தடுத்துக்கொண்டே வாங்கினான், நடுநடுவே கொடுக்கவும் செய்தான். ரெஃபரி நிறுத்தவே இல்லை. கடைசி மணி அடித்தது. புள்ளியில் தோற்றான். அப்பாடா! ஒரு தோல்விக்கு அப்படிச் சந்தோஷப்பட்ட கும்பலை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எனக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது.

கிளவுஸைக் கழற்றும்போது அவன் ரகசியமாகச் சொன்னான். "ஜோடி, குத்தறப்ப அவன்தான்டா கண்ண மூடுறான்! அவனுக்கும் பயம்டா. பாக்காம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

அன்றைக்கே என் உத்தரியத்தைக் கழற்றி அவனுக்குக் கொடுத்தேன். தொலைத்துவிட்டேன் என்று நினைத்து அம்மா விளாசித் தள்ளினார். அவன் அதைப் பத்திரமாக வைத்திருந்து, எந்த மழையிலோ, எந்த வீடு மாறும்போதோ தொலைத்தான். கிளவுஸையும் கடைசியில் எலி தின்றுவிட்டது. போகட்டும்.

கூட்டம் கலைகிற நேரம். நாங்கள் வேலியோரம் அவன் அப்பாவிடம் போனோம். அவருக்குத் தோற்றதுதான் தெரியும், இடம் இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியாது. மஞ்சள் பையை விரித்துப் பிடித்துக்கொண்டார். பின்னாலேயே மாஸ்டர் வந்தார். முகமெல்லாம் பல். "இடம் இருக்குடா ஒனக்கு! நா சாமிகிட்ட சொல்லிக்கிறேன்!" என்று பையனின் முதுகில் ஓங்கித் தட்டக் கையைத் தூக்கினார்.

ஜோடி அப்படியே நிமிர்ந்து அவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் அவன் அப்பாவின் தலைதான் தொங்கியது. கண் இறுக மூடிக்கொண்டது. தோள் காது வரைக்கும் ஏறியது.

ஜோடி அதைப் பார்த்தான். அப்பாவின் அக்குளில் இருந்த துண்டை உருவி அவர் தோளில் போட்டான். "கண்ணத் தொறப்பா" என்றான். "தட்டிக்குடுக்கத்தான் கையத் தூக்குறாரு. பாருப்பா. அவரு மூஞ்சியப் பாரு."

மாஸ்டரின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. இத்தனை நாள் தான் குட்டியது இந்த அப்பா கற்றுக்கொடுத்ததைத்தான் என்று அப்போதுதான் அந்த மனுஷனுக்கு விளங்கியிருக்க வேண்டும். தூக்கிய கையைக் கீழே கொண்டுவந்து, இன்னொரு கையோடு சேர்த்து, "வணக்கங்க" என்றார்.

அப்பா கண்ணைத் திறந்தார். முதலில் மாஸ்டரின் சட்டைப் பொத்தானைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். "நல்லாருக்கணுங்க" என்றார்.

பஸ் வந்தது. தோளில் போட்ட துண்டு போட்டபடியே இருந்தது. மஞ்சள் பையை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அவர் தனியாக ஊருக்குப் பஸ் ஏறினார்.